எந்த எண்ணில் நிறுத்துவது?

காலை ஏழரைக்கெல்லாம் எங்கள் எக்ஸ்ரே வண்டி ஊர் எல்லையிலுள்ள மாரியம்மன் கோயில் திடலுக்கு வந்துவிடும். ரேடியோகிராஃபர் தம்பி முதலில் வெளியே எடுப்பது ஒரு பிளாஸ்டிக் டப்பா. அது நிறைய ரப்பர் பேண்டு இருக்கும். படம் எடுக்க வரும் பெண்கள் பின்னலைத் தூக்கி உச்சந்தலையில் கட்டிக்கொள்ள அது. அடர்ந்த பின்னல் தோள்மேல் கிடந்தால் எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேல்முனையில் ஒரு மங்கலான நிழல் விழும். பெரியவர்களுக்குக் காசநோய் பெரும்பாலும் பிடிக்கிற இடமும் அந்த மேல்முனைதான். படம் பார்க்கும் டாக்டரும் ஏமாறலாம், கணினியும் ஏமாறலாம்.

"அக்கா, தாலிக்கொடியைக் கழட்ட வேண்டாங்க. மேலே தூக்கிப் பல்லுக்கு நடுவுல புடிச்சுக்குங்க. தோளை முன்னாடி தள்ளுங்க. மூச்சை நல்லா இழுத்து அப்படியே நிறுத்துங்க." ஒரு நாளைக்கு நூறு முறையாவது இதைச் சொல்கிறார் அந்தத் தம்பி. நூறாவது ஆளுக்கும் முதல் ஆளுக்குச் சொன்ன அதே பொறுமையோடு சொல்கிறார். தோளை முன்னே தள்ளாவிட்டால் தோள்பட்டை எலும்பு நுரையீரலின் மேல் வந்து படியும். மூச்சை முழுக்க இழுக்காவிட்டால் அடிப்பகுதி வெளிறி, இல்லாத சளி இருப்பதுபோலக் காட்டும். கணினி நோயைக் கண்டுபிடிப்பதைப் பற்றி எழுதச் சொன்னால் நான் இந்தத் தம்பியிடமிருந்துதான் தொடங்குவேன். அவர் எடுத்துக் கொடுக்கிற படத்தைத்தான் கணினி பார்க்கிறது. ஆளை அது பார்ப்பதில்லை.

நெஞ்சுநோய் மருத்துவராக எனக்கு இது இருபத்து நான்காம் ஆண்டு. முதல் பாதி முழுக்க ஃபிலிம். வெள்ளை விளக்குப் பெட்டியில் செருகி, கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பழகிய காலம். இப்போது மூன்றரைக் கிலோ எடையுள்ள கையடக்கக் கருவி, பேட்டரியில் ஓடுகிறது. படம் எடுத்த ஒரு நிமிடத்துக்குள் டேப்லெட் திரையில் நுரையீரல் தெரிகிறது. சந்தேகமான இடத்தில் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு பூச்சு. மூலையில் 0 முதல் 100 வரை ஓர் எண்.

அந்த எண்ணைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று நீண்ட நாளாக நினைத்திருந்தேன்.

முதலில், இந்தக் கருவியை நான் ஏன் மனதார வரவேற்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறையில் எல்லோரும் படித்திருக்க வேண்டிய பழைய ஆய்வு ஒன்று உண்டு. 1947-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. காசநோயைக் கண்டுபிடிக்க நான்கு வகை எக்ஸ்ரே முறைகளில் எது சிறந்தது என்று பார்க்க, 1256 பேருக்கு நான்கு முறையிலும் படம் எடுத்து, அனுபவமுள்ள ஐந்து பேரிடம் தனித்தனியாகப் படிக்கக் கொடுத்தார்கள். முறைகளுக்கிடையே பெரிய வித்தியாசம் தெரியவில்லை. படித்தவர்களுக்கிடையேதான் தெரிந்தது. ஒருவர் நோய் என்று எழுதியதை இன்னொருவர் நோயில்லை என்று எழுதியிருந்தார். அதே படங்களைப் பிறகு மறுபடியும் கொடுத்தபோது தாங்கள் முன்பு எழுதியதற்கே மாறாக எழுதினார்கள். மாணவியாக இதைப் படித்தபோது நம்பவில்லை. முகாமில் மாலை நாலு மணிக்கு எண்பதாவது படத்தைப் பார்த்த நாளில் நம்பினேன். கண் படத்தின்மேல்தான் இருக்கும், மனம் அதற்குள் எங்கோ போய்விட்டிருக்கும்.

கணினிக்கு நாலு மணி கிடையாது. முதல் படத்தைப் பார்த்த மாதிரியே எண்பதாவதையும் பார்க்கும். 2021-ல் லான்செட் டிஜிட்டல் ஹெல்த் இதழில் டாக்காவிலிருந்து ஓர் ஆய்வு வெளியானது. 23,954 பேரின் நெஞ்சுப் படங்கள், ஐந்து மென்பொருள்கள், கூடவே வங்கதேசத்தின் மூன்று ரேடியாலஜிஸ்டுகள். ஐந்து மென்பொருள்களும் மனிதர்களைவிட நன்றாகப் படித்திருந்தன. அதே ஆண்டு மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம், 15 வயது நிரம்பியவர்களிடம் காசநோயைச் சலித்தெடுக்கும் வேலையில் மனித வாசகருக்குப் பதிலாகவே இந்த மென்பொருள்களைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. ரேடியாலஜிஸ்ட் இல்லாத தாலுகாக்களில் வேலை பார்த்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். படம் எடுத்து, உறையில் போட்டு, பஸ்ஸில் மாவட்டத் தலைநகருக்கு அனுப்பி, ரிப்போர்ட் வருவதற்குள் ஆள் செங்கல் சூளைக்கு வேலைக்குப் போய்விட்டிருப்பார். அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதே தனி வேலை.

இன்னொரு காரணம் ஒரு பாட்டி.

வெள்ளைச் சேலை, இடுப்பில் சுருக்குப் பை. "எனக்கு ஒரு சீக்கும் இல்லீங்க அம்மிணி. பொக அடுப்ப ஊதி ஊதி வந்த இருமலுங்க" என்றார். படத்தைப் பார்த்தேன். வலது மேல்முனையில் நார் நாராக ஒரு நிழல், மூச்சுக்குழாய் கொஞ்சம் அந்தப் பக்கம் இழுபட்டிருந்தது. எப்போதோ வந்து ஆறிப்போன தழும்பு என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன். ஆயிரம் தழும்பு பார்த்த கண். திரையில் 84 என்று வந்தது. தழும்புக்குக் கணினி அதிக எண் கொடுக்கும் என்பதும் எனக்குத் தெரியும், அதனால் அதையும் தள்ளிவைக்கப் பார்த்தேன். பக்கத்திலிருந்த ஹெல்த் விசிட்டர் சளி டப்பாவை நீட்டிக்கொண்டே, "மேடம், எண்பதுக்கு மேல எல்லாருக்கும் எடுக்கணும்னு நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க" என்றார். ஆமாம், நான்தான் எழுதி ஒட்டியிருந்தேன். பாட்டியின் சளியில் காசநோய்க் கிருமி இருந்தது. வீட்டில் ஒன்றரை வயதுப் பேத்தி அவர் மடியில்தான் தூங்குகிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று பாட்டியைக் காப்பாற்றியது கணினி என்று சொன்னால் பாதி உண்மை. அந்த 84-க்கு என்ன செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே ஒரு முடிவு எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தோம். என் கண்ணின் கர்வத்தைத் தடுத்தது அந்தக் காகிதம்தான்.

எண்ணைப் பற்றிப் பலரும் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. 84 என்றால் நூற்றுக்கு 84 வாய்ப்பு என்று அர்த்தமில்லை. புதிதாக வரும் பயிற்சி மருத்துவர்கள் எல்லோரும் முதல் நாள் அப்படித்தான் படிக்கிறார்கள். லட்சக்கணக்கான பழைய படங்களைப் பார்த்துப் பழகிய ஒரு வலைப்பின்னல், இந்தப் படம் தான் பார்த்த காசநோய்ப் படங்களின் சாயலில் எவ்வளவு இருக்கிறது என்பதை எண்ணாக்கித் தருகிறது. அவ்வளவே. ஒரு நிறுவனத்தின் 60-ம் இன்னொரு நிறுவனத்தின் 60-ம் ஒன்றல்ல. ஒரே நிறுவனத்தின் மென்பொருள்கூடப் பதிப்பு மாறினால் அதே படத்துக்கு வேறு எண் தரும். ஒரு முறை இரவோடு இரவாக எங்கள் டேப்லெட்டில் புதிய பதிப்பு ஏறிவிட்டது. மறுநாள் முகாமில் சளி கொடுக்க வேண்டியவர்களின் வரிசை திடீரென்று பாதியாகக் குறைந்தது. ஊரில் நோய் குறைந்துவிட்டதென்று யாராவது மகிழ்ந்திருக்கக்கூடும். சளி கேட்கும் வரம்பு பழையதாகவும் அளவுகோல் புதியதாகவும் இருந்ததைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று நாள் ஆனது.

ஆகவே, எந்த எண்ணுக்கு மேலே இருப்பவரை நிறுத்திச் சளி கேட்பது? இதை மென்பொருள் சொல்லாது. நிறுவனம் பெட்டியோடு ஓர் எண்ணை எழுதி அனுப்பும். 50 என்றிருக்கும், பெரும்பாலானவர்கள் அதை அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். அந்த எண்ணை அப்படியே விட்டுவைப்பதும் ஒரு மருத்துவ முடிவுதான். யாரும் எடுக்காமல் எடுக்கப்பட்ட முடிவு.

இதைக் கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம். காசநோயைச் சலித்தெடுக்கும் சோதனை ஒன்று குறைந்தபட்சம் எப்படி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014-ல் ஓர் அளவு வைத்தது: நோயுள்ள நூறு பேரில் 90 பேரைப் பிடிக்க வேண்டும், நோயில்லாத நூறு பேரில் 70 பேரை விட்டுவிட வேண்டும். கேட்க நன்றாக இருக்கிறது. ஓர் ஊரில் ஆயிரம் பேருக்குப் படம் எடுக்கிறோம், அதில் ஐந்து பேருக்கு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் நாலு பேரையோ ஐந்து பேரையுமோ பிடித்துவிடுவோம். மீதி 995 பேரில் நூற்றுக்கு முப்பது பேர் வீதம், ஏறக்குறைய முந்நூறு பேரை நோயில்லாமலேயே நிறுத்துவோம். அந்த முந்நூறு பேரும் சளி கொடுக்க வேண்டும். அதைச் சோதிக்க எங்கள் ஆய்வகத்தில் ட்ரூநாட் கருவி இருக்கிறது. கோவாவில் தயாராகும் நல்ல கருவி, பேட்டரியிலும் ஓடும். ஆனால் ஒரு சோதனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. ஒரு நாளைக்குப் பதினைந்து பார்த்தால் பெரிது. முந்நூறு பேருக்கு இருபது நாள்.

வரம்பை உயர்த்தினால் முந்நூறு நூறாகும். ஆனால் ஐந்து பேரில் ஒருவரோ இருவரோ வீட்டுக்குப் போய்விடுவார்கள். எந்த ஒருவர்? பெரும்பாலும் நோய் அப்போதுதான் தொடங்கியவர். சின்ன நிழல், சின்ன எண். இன்னும் யாருக்கும் அதிகம் பரப்பாதவர், சீக்கிரம் பிடித்தால் நுரையீரல் கெடாமல் தப்பிக்கக்கூடியவர். யாருக்காக வண்டியை ஊருக்குள் கொண்டுவந்தோமோ அவர்.

எங்கள் ஆய்வக டெக்னீஷியன் ஒருநாள் காலையில் போன் செய்தார். "மேடம், ட்ரூநாட் சிப் பதினாறுதான் மிச்சம் இருக்குது. அடுத்த லோடு வியாழக்கிழமைதானுங்க." அன்று திடலில் நூறு பேருக்கு மேல். வரம்பை ஏற்றுவதா, இருக்கிற வரம்பையே வைத்துக்கொண்டு சளியைக் குளிர்பெட்டியில் வைத்துக் காத்திருக்கச் சொல்வதா? நான் இரண்டாவதைச் செய்தேன். சிப் தீர்ந்தது என்பதற்காக நோயின் வரையறையை மாற்றக் கூடாது என்று அன்று தோன்றியது. இப்போதும் அப்படியே நினைக்கிறேன். ஆனால் வேறொரு இடத்தில், சிப் வரவே வராத இடத்தில் இருக்கும் மருத்துவர் ஒருவர் வரம்பை ஏற்றினால் அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெளிப்படையாக எழுதி வைத்துவிட்டு ஏற்றட்டும்.

வயது இன்னொரு சிக்கல். டாக்கா ஆய்விலேயே, வயதானவர்களிடமும் ஏற்கெனவே காசநோய் வந்து போனவர்களிடமும் மென்பொருள்களின் திறன் குறைந்தது தெரிந்தது. ஆறிய தழும்பும் புதிய புண்ணும் நிழலில் ஒன்றுபோலத் தெரிவதுதான் காரணம். அதைவிடப் பெரிய சிக்கல் எங்கள் பகுதிக் கல்குவாரியும் கிரஷரும். முப்பது ஆண்டு கல் உடைத்தவரின் நுரையீரலைத் திரையில் பார்த்தால் ஆற்று மணல் தூவியதுபோல இரண்டு பக்கமும் புள்ளிகள். சிலிக்கா தூசு படிந்த நுரையீரல். கணினி அதற்கு 90-க்கு மேல் கொடுக்கும். காசநோய் இல்லை என்று சளி சொல்லும். அடுத்த முகாமிலும் 90. மூன்றாவது முகாமுக்கு அவர் வர மாட்டார்; "எத்தன வாட்டிதான் துப்பச் சொல்லுவீங்க" என்பார். அவர் கேட்பது நியாயம். ஆனால் சிலிக்கா படிந்த நுரையீரலில்தான் காசநோய் மற்றவர்களைவிட எளிதாகப் பிடிக்கும். கணினியின் பொய் எச்சரிக்கை என்று அவரை ஒதுக்கிவைத்தால், நிஜமாக நோய் வரும் ஆண்டில் அவரைத் தவறவிடுவோம். இவர்களுக்கென்று எண்ணைப் பார்க்காமல் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். நிழல் மாறியிருக்கிறதா? எடை குறைந்திருக்கிறதா? இதற்கு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கிரஷர் நோட்டு என்று பெயர். அந்த வேலையைக் கணினி இன்னும் எனக்குச் செய்து தரவில்லை.

குறைந்த எண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும், சொல்லக் கஷ்டமாக இருந்தாலும். தொடக்க மாதங்களில் ஓர் இளைஞர் வந்தார். தறிப் பட்டறைக்காரர், இருபத்தாறு வயது. எண் 11. "படம் சுத்தமா இருக்கு தம்பி" என்று அனுப்பிவிட்டோம். அன்று கூட்டம் அதிகம், வாய்விட்டுக் கேட்க வேண்டிய கேள்விகளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு மாதமாக மாலைக் காய்ச்சல், ஆறு கிலோ எடைக் குறைவு என்று அவர் சொல்லியிருப்பார். ஏழு வாரம் கழித்து வேறொரு மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தது. நோய் மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருந்திருக்கிறது. அங்கே இருந்தால் படத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம், எந்த மருத்துவரும் பாடப்புத்தகத்தில் படித்ததுதான். அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் "சுத்தம்" என்று நான் சொன்ன அந்தச் சொல்லை நம்பி அவர் ஏழு வாரம் சும்மா இருந்தார், தம்பி தங்கைகளோடு ஒரே அறையில் தூங்கிக்கொண்டு.

அதன்பிறகு ஒரு விதி வைத்தோம். இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை: இந்த நான்கையும் கேட்டுப் பதிந்த பிறகுதான் திரையில் எண் தெரியும். எண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டால் கேள்வி தேய்ந்துவிடும்; 11-ஐப் பார்த்த வாய் "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே?" என்று பதிலையும் சேர்த்தே கேட்கும். நான்கில் ஒன்று இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் எண் என்னவானாலும் சளி.

கேள்வியின் பலத்தை எனக்கு உணர்த்தியது இங்கிலாந்தின் லீட்ஸ் நகரக் கதை. டி டோம்பல் என்ற அறுவை மருத்துவர் 1970-களின் தொடக்கத்தில், திடீர் வயிற்றுவலிக்கு என்ன காரணம் என்று கணக்கிட்டுச் சொல்லும் கணினி முறை ஒன்றை அமைத்தார். 1972-ல் வெளியான முடிவில் 304 நோயாளிகளில் கணினி 91.8 சதவீதம் சரியாகச் சொல்லியிருந்தது, மூத்த மருத்துவர்கள் 79.6 சதவீதம். பிறகு எட்டு மையங்களில் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தபோது மருத்துவர்களின் முதல் கணிப்பே 45.6 சதவீதத்திலிருந்து 65.3 சதவீதமாக உயர்ந்தது. கணினிக்குத் தகவல் கொடுப்பதற்காக ஒரு படிவத்தை நிரப்ப வேண்டியிருந்தது: வலி எங்கே தொடங்கியது, எங்கே நகர்ந்தது, எதனால் கூடுகிறது. ஒன்றையும் விடாமல் வரிசையாகக் கேட்ட அந்தப் படிவத்துக்கே உயர்வில் பெரிய பங்கு இருந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு எங்கள் திடலில் நான்கு கேள்விகளை எண்ணுக்கு முன்னால் வைத்தபோது அவரை நினைத்துக்கொண்டேன்.

கேள்வி மட்டுமே போதும் என்றும் சொல்ல முடியாது. 2019 முதல் 2021 வரை இந்தியா முழுக்க நடந்த காசநோய்க் கணக்கெடுப்பில், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறிகளை மட்டும் கேட்டிருந்தால் கண்டுபிடித்த நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர் தவறிப்போயிருப்பார்கள் என்று தெரிந்தது. இருமலே இல்லாத காசநோயாளிகள். அவர்களுக்காகத்தான் படம். அந்த இளைஞரைப் போன்றவர்களுக்காகக் கேள்வி.

கணினி எதைப் பார்த்து எண் தருகிறது என்ற கவலையும் எனக்கு உண்டு. 2018-ல் அமெரிக்காவில் நிமோனியாவைக் கண்டுபிடிக்கப் பழக்கிய ஒரு வலைப்பின்னலை ஆராய்ந்தார்கள். படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதை அது ஏறக்குறையப் பிழையில்லாமல் கண்டுபிடித்தது. இடது வலது காட்ட மூலையில் வைக்கும் உலோகக் குறிகூட அதற்குத் துப்பாகியிருந்தது. நோயாளிகள் அதிகமுள்ள மருத்துவமனையின் படம் என்றால் நோய் என்று சொல்லப் பழகியிருந்தது. வேறு மருத்துவமனைப் படங்களைக் கொடுத்தபோது திறன் குறைந்தது. ஆகவே எந்த ஊரில் எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த ஊரில்தான் அளக்க வேண்டும். வரம்பை இடத்துக்கேற்ப அளந்துகொள்ள உலக சுகாதார நிறுவனமே ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. நாங்கள் செய்வது எளிமையானது. வரம்புக்குக் கீழே எண் வந்தவர்களிலும் இருபதில் ஒருவரிடம் குலுக்கல் முறையில் சளி வாங்கிப் பார்க்கிறோம். நாங்கள் தவறவிடுபவர்கள் எத்தனை பேர் என்பதை அறிய வேறு வழி இல்லை. வீண் செலவு என்று ஒரு கூட்டத்தில் கேட்டார்கள். அந்தச் செலவை நிறுத்தினால் எங்கள் வண்டி கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடும் என்று பதில் சொன்னேன்.

நம் ஊரில் அளந்து பார்ப்பது புதிய பழக்கமும் அல்ல. 1956-ல் சென்னையில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில்தான், நோயாளியைச் சானடோரியத்தில் படுக்கவைத்தால்தான் குணமாகும் என்று உலகம் நம்பியதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினரை மருத்துவமனையில் வைத்தும், மற்றவர்களை நகரத்தின் நெருக்கடியான வீடுகளிலேயே விட்டும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் முடிவு வெளிவந்தது, உலகமெங்கும் சானடோரியங்களின் காலம் முடிந்தது. வெளியிலிருந்து வந்த நம்பிக்கையை இந்த மண்ணின் நோயாளிகளிடம் அளந்து பார்த்ததால் கிடைத்த அறிவு அது. இன்று வெளியிலிருந்து ஓர் எண் வருகிறது. அதையும் அப்படியே அளக்க வேண்டும்.

இந்தக் கருவியைப் பயன்படுத்தும் சக மருத்துவர்களுக்கும் முகாம் ஊழியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் பதிவேட்டில் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். அன்று எந்தப் பதிப்பு, என்ன வரம்பு, அந்த வரம்பை யார் எந்தக் காரணத்துக்காக வைத்தார்கள் என்பதையும் எழுதுங்கள். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: உங்கள் தெருவுக்கு எக்ஸ்ரே வண்டி வந்தால், இருமல் இல்லாவிட்டாலும் போய் நில்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ மாலைக் காய்ச்சலோ இருந்தால், படம் நன்றாக இருக்கிறது என்று யார் சொன்னாலும், நானே சொன்னாலும், சளிப் பரிசோதனை செய்யுங்கள் என்று கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசு கிடையாது.